கத்திரி வெயிலில் கரையாத மேக்கப்

அண்ணன் கல்யாண ஆல்பத்தை வீட்டில் யார் கையில் எடுத்தாலும் நான் மெல்ல அடுக்களைப் பக்கம் நகர்ந்துவிடுவேன். 11ஆம் பக்கத்தில் நான் நிற்கிறேன். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், காது மடல் வேறொரு நிறம். நெற்றியில் கிளம்பிய வேர்வை புருவத்தைச் சுற்றிக்கொண்டு கன்னத்தில் இறங்கிய தடம் படத்தில் அப்படியே பதிந்திருக்கிறது. 2017 மே மாதம், பாளையங்கோட்டை, ஏசி இல்லாத மண்டபம், கத்திரி முடிய இன்னும் ஒரு வாரம். காலை 7 மணிக்கே அந்த நிலைமை. ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற மதினிக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "என்னட்டி இது, சுண்ணாம்பு அடிச்ச செவுத்துல மழ பெஞ்ச மாதிரில்லா இருக்கு."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

இந்த வருஷம் வைகாசியில் சித்தி மகளுக்கு அதே ஊரில் கல்யாணம். அவளுக்கு மேக்கப் போட்டுவிட்டது நான். எனக்கு இது தொழில் இல்லை. சென்னையில் தாம்பரம் பக்கம் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். இரண்டு கல்யாணங்களுக்கும் நடுவில் எவ்வளவோ பணத்தைத் தொலைத்து, முகத்தைக் கெடுத்துக்கொண்டு, திரும்பச் சரிசெய்து தெரிந்துகொண்டதுதான் இது. மாநிறமும் கறுப்புமான நம் தோலுக்கும் நம்மூர் வேர்வைக்கும் பொருந்துகிற மாதிரி எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை.

முதல் தப்பு கடையிலேயே நடந்துவிட்டது. வெள்ளை வெளேரென்று விளக்கு எரிகிற கடை. அங்கிருந்த பெண் என் மணிக்கட்டில் ஃபவுண்டேஷனைத் தேய்த்துக் காட்டி, "ஒரு ஷேடு பிரைட்டா எடுத்துக்கங்க மேடம், போட்டோல நல்லா இருக்கும்" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் அந்த ஆசை இருந்தது. பள்ளிக்கூடத்தில் "கறுப்பி" என்று கூப்பிடப்பட்டு வளர்ந்தவளுக்கு ஒரு ஷேடு கூட என்றால் கசக்குமா? சிவப்பழகு என்று சொல்லியே விற்ற ஒரு கிரீம் 2020இல் தன் பெயரில் இருந்த 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'குளோ' என்று மாற்றிக்கொண்டது. டப்பாவில் பெயர் மாறிவிட்டது. கல்யாண வீட்டில் "பொண்ணைக் கொஞ்சம் கலரா காட்டுங்க" என்று பார்லர்காரர்களிடம் சொல்வது மட்டும் இன்னும் மாறவில்லை.

மணிக்கட்டின் உள்பக்கம் வெயிலே படாத இடம். அந்த நிறத்துக்கு வாங்கி முகத்தில் பூசினால் எப்படிப் பொருந்தும்? இப்போது நான் செய்வது இதுதான். தாடை எலும்பின் ஓரத்தில், கன்னத்திலிருந்து கழுத்துக்கு இறங்குகிற மாதிரி, அடுத்தடுத்த மூன்று ஷேடுகளைக் கோடு கோடாக இழுத்துக்கொள்வேன். அப்படியே கடைக்கு வெளியே வந்து ஒரு டீ குடிப்பேன். கால் மணி, இருபது நிமிஷம் கழித்து, வெளிச்சத்தில் போன் கேமராவில் பார்ப்பேன். எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோயிருக்கிறதோ அதுதான் நம் ஷேடு. டீ குடிப்பது விளையாட்டுக்கு இல்லை. முகத்து எண்ணெயும் காற்றும் பட்டால் சில ஃபவுண்டேஷன் கொஞ்ச நேரத்தில் ஆக்சிடைஸ் ஆகி அரை ஷேடு, ஒரு ஷேடு கருத்துவிடும். சிலது ஆரஞ்சு அடிக்கும். கடையில் பூசின நிமிஷம் பொருந்தியது வீட்டுக்கு வருவதற்குள் வேறாகிவிடுவது அதனால்தான்.

ஷேடு சரியாக இருந்தும் முகம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது என்றால் அண்டர்டோன் தப்பு. நம்மில் நிறையப் பேருக்குத் தோலுக்கு அடியில் மஞ்சள் ஓடும், சிலருக்கு லேசான பச்சை. அதன்மேல் ரோஸ் கலந்த ஃபவுண்டேஷன் போட்டால் சாம்பல்தான் வரும். அப்புறம், முகத்தைவிடக் கழுத்துக்குப் பொருத்துவதே நல்லது. நெற்றியும் வாயோரமும் மங்கு என்கிற கருந்திட்டாலும் வெயிலாலும் பல நிறத்தில் கிடக்கும். கழுத்து ஓரளவு ஒரே நிறம். நான் இரண்டு ஷேடு வைத்திருக்கிறேன், மார்கழிக்கு ஒன்று, சித்திரைக்கு ஒன்று. இடைப்பட்ட மாதங்களில் இரண்டையும் புறங்கையில் வைத்துக் கலந்துகொள்வேன்.

இரண்டாவது தப்பு அவசரம். அன்றைக்கு மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், அடிப்பூச்சான பிரைமர், ஃபவுண்டேஷன், பவுடர் எல்லாவற்றையும் 10 நிமிஷத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பினேன். தேய்க்கத் தேய்க்க, ரப்பரால் அழித்தால் உருளுமே, அப்படித் துணுக்குத் துணுக்காக உருண்டு வந்தது. உருண்டதை மறைக்க இன்னும் கொஞ்சம் பூசினேன். காரணம் ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. என் பிரைமர் சிலிக்கான் சேர்ந்தது, ஃபவுண்டேஷன் தண்ணீர் சேர்ந்தது. எண்ணெயும் தண்ணீரும் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஒட்டாது. டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கிற பட்டியலில் முதல் நாலைந்து பெயர்களுக்குள் டைமெத்திக்கோன் என்று வந்தால் அது சிலிக்கான் ஜாதி. தண்ணீர் முதலில் இருந்து, சிலிக்கான் பெயர் முன்வரிசையில் எதுவும் இல்லாவிட்டால் தண்ணீர் ஜாதி. இரண்டையும் ஒரே ஜாதியாக வாங்குங்கள். பொருத்தம் பார்த்து வாங்கினாலும் அடி அடுக்கு காயாமல் அடுத்ததைப் போட்டால் உருளத்தான் செய்யும்.

அம்மா தலைமுறையை நினைத்துப் பார்க்கிறேன். பான்ட்ஸ் இல்லாவிட்டால் கோகுல் சாண்டல், கண்ணுக்கு ஐடெக்ஸ், நெற்றிக்குக் குச்சியால் தொட்டு வைக்கிற சாந்து. எங்கள் வீட்டில் கண் மைக்கே ஐடெக்ஸ் என்றுதான் பெயர். மொத்த மேக்கப்பும் அவ்வளவுதான், ஆனால் சாயங்காலம் வரை நிற்கும். அம்மா முகம் கழுவி, ஒற்றிவிட்டு, பின்னல் போட்டு முடிக்கிற வரை முகத்தைச் சும்மா விடுவாள். அப்புறம் பஃப்பால் ஒற்றி ஒற்றிப் பவுடர். அப்புறம் சேலை கட்டுவாள். கடைசியில் முந்தியின் உள்பக்கத்தால் அதிகப்படியைத் தட்டிவிடுவாள். மேக்கப் நிற்பதற்கு வேண்டிய காத்திருப்பு பூராவும் அவள் வேலைகளுக்கு நடுவிலேயே இருந்திருக்கிறது. நான் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியதெல்லாம் அந்த அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தத்தான். அது நடக்கவில்லை.

இனி சன்ஸ்கிரீன். இதைச் சொல்லாமல் வெயில்கால மேக்கப் பற்றிப் பேச முடியாது. எஸ்பிஎஃப் 30 என்றால் தோலைச் சுட்டுப் புண்ணாக்குகிற யுவிபி கதிரில் 97 சதவீதம் வரை தடுக்கும். 50 என்றால் 98. அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே நம்பரை விட அளவுதான் முக்கியம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் வருகிறதே, அது முகத்துக்கும் கழுத்துக்கும். பட்டாணி அளவு பூசிவிட்டு 50 போட்டிருக்கிறேன் என்று நம்பிக்கொண்டு நான் மூன்று கோடை போனேன். கருப்பதற்குப் பெரிய காரணமான யுவிஏ கதிருக்கு டப்பாவில் பிஏ என்று போட்டுப் பக்கத்தில் கூட்டல் குறி இருக்கும், குறைந்தது மூன்று குறி இருக்கட்டும். மங்கு உள்ளவர்கள் நிறம் கலந்த சன்ஸ்கிரீன் வாங்கலாம். அதில் இருக்கிற இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தையும் ஓரளவு தடுக்கும். அந்த வெளிச்சமும் மங்கைக் கிளறிவிடும். துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு மட்டும் போட்டது நம் தோலில் விபூதி பூசின மாதிரி வெளுத்து நிற்கும். ஃபிளாஷ் அடித்துப் படம் எடுத்தால் இன்னும் மோசம், முகம் மட்டும் பேய் மாதிரி விழும். ராத்திரி ரிசப்ஷனுக்கு சன்ஸ்கிரீன் தேவையே இல்லை, வேறு எதுவும் போட்டுக்கொண்டு போங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசச் சொல்வார்கள். மேக்கப்புக்கு மேல் எப்படிப் பூசுவது? நான் கண்ட வழி: டிஷ்யூவால் வேர்வையை ஒற்றிவிட்டு, ஈரமில்லாத ஸ்பான்ஜில் சன்ஸ்கிரீனைத் தொட்டுத் தொட்டு ஒற்றுவது. தேய்க்கவே கூடாது. ஆபீஸ் நாளில் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒருமுறை, அவ்வளவுதான் என்னால் முடிகிறது.

சென்னையில் பழகிய மேக்கப்பை அப்படியே திருநெல்வேலிக்குக் கொண்டுபோனதும் ஒரு தப்புதான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாலு வருஷம் ஆனது. சென்னையில் கடல் காற்றின் ஈரத்தில் வேர்வை காயாது. முகத்திலேயே நின்று, பூசியதை வழுக்கிக்கொண்டு கீழே இறக்கும். தாம்பரம் ரயிலில் நின்றுகொண்டே வருகிறவர்களுக்கு இது தெரியும், பல்லாவரம் வருவதற்குள் மூக்கின் மேல் ஒன்றும் இருக்காது. நெல்லையில் வைகாசிக்கு மேல்காற்று ஆரம்பித்துவிடும். காய்ந்த காற்று. வேர்வை வந்த வேகத்தில் காய்ந்து உப்பை விட்டுப்போகும்; தோல் இழுக்கும்; பவுடர் அதிகமானால் தாமிரபரணிக் கரையின் காய்ந்த வண்டல் மாதிரி மூக்கோரமும் வாயோரமும் வெடிக்கும். ஆகவே சென்னைக்கு ஜெல் மாய்ஸ்சரைசரும் கொஞ்சம் கூடுதல் பவுடரும்; நெல்லைக்கு நல்ல மாய்ஸ்சரைசர், பவுடர் கம்மி. ஒரே ஆள், ஒரே மாதம், ஊர் மாறினால் வேறு மேக்கப்.

அன்றாடம் ஆபீசுக்குப் போவதற்குச் சித்திரை வைகாசியில் நான் ஃபவுண்டேஷனையே தொடுவதில்லை. சன்ஸ்கிரீன் போட்டுவிட்டுக் காபி போடப் போவேன். திரும்பி வந்து கண்ணுக்குக் கீழேயும் மூக்கோரமும் மட்டும் கருமையை மறைக்கிற கன்சீலர். கருவளையம் அதிகமாக இருந்தால் அதற்கு முன் ஆரஞ்சு நிறக் கரெக்டர் ஒரு பொட்டு. நம் கருவளையம் நீலமும் பழுப்புமாக இருப்பதால் ஆரஞ்சுதான் அதை வெட்டும். கரெக்டர் வாங்காதவர்கள் ஆரஞ்சு கலந்த சிவப்பு லிப்ஸ்டிக்கைத் துளியூண்டு தொட்டுப் பரப்பினாலும் நடக்கும், துளியூண்டு என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அதே லிப்ஸ்டிக்கை விரலால் கன்னத்தில் தட்டினால் பிளஷ் ஆகிவிடும். வெளிர் ரோஸ் பிளஷ் எங்கள் நிறத்தில் மாவு அப்பின மாதிரி நிற்கும். செங்கல், பவளம், நாவற்பழ நிறம் மூன்றும் தோலுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். மூக்கை ஒட்டிப் போடாமல் இரண்டு விரல் தள்ளிப் போட வேண்டும். கண்ணுக்கு மை, உதட்டுக்கு ஏதாவது. இவ்வளவுக்கும் 8 நிமிஷம். முகம் கழுவிட்டு வந்த மாதிரி இருந்தால் போதும் என்பது என் கணக்கு.

மை கீழே இறங்காமல் இருக்க ஒரே வழிதான் எனக்குப் பலித்திருக்கிறது. மை போட்டவுடன் அதே கோட்டின்மேல் அடர் பழுப்போ கறுப்போ ஐஷேடோ பவுடரைச் சின்னப் பிரஷ்ஷால் அழுத்துவேன். கீழ் இமையில் கண்ணின் உள்மூலைக்குப் போகாமல் முக்கால் தூரத்தோடு நிறுத்துவேன். அங்கேதான் தண்ணீர் தேங்கும்.

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன்.

தங்கச்சிக்கு ஒரு பார்லரில் பேக்கேஜ் பேசியிருந்தார்கள். டிரையல் போட்டுப் பார்த்த அன்றைக்கு அவள் போட்டோ அனுப்பினாள், கூடவே அழுகிற பொம்மை. 11ஆம் பக்கத்துக்கு அண்ணன் மாதிரி இருந்தது. சித்தி என்னிடம், "நீயே போட்டுவிடேன் பிள்ள, உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே" என்றாள். எனக்குக் கை நடுங்கியது. என் முகத்தைக் கெடுத்துக்கொள்வது வேறு, கல்யாணப் பெண் முகம் வேறு இல்லையா? மூன்று வாரம் முன்னால் ஊருக்குப் போய் ஒத்திகை பார்ப்பது என்று பேசி ஒத்துக்கொண்டேன்.

ஒத்திகை என்றால் போட்டுவிட்டுக் கண்ணாடி பார்ப்பதில்லை. போட்டுக்கொண்டு பகல் 11 மணிக்கு ஸ்கூட்டரில் பேங்குக்குப் போய்வரச் சொன்னேன். துணிக்கடை, டெய்லர் எல்லாம் முடித்துக்கொண்டு 3 மணிக்கு வந்தாள். நெற்றியில் முடியோரம் மட்டும் கலைந்திருந்தது, மூக்கில் சின்ன விரிசல். எங்கே பவுடர் கூட, எங்கே குறைய என்று அதைப் பார்த்து எழுதிவைத்துக்கொண்டேன். பொய் இமை ஒட்டுகிற பசையைக் காதுக்குப் பின்னால் தடவி ஒரு நாள் விட்டிருந்தோம். அங்கே சிவந்து தடித்துவிட்டது. சில பசைகளில் லேட்டக்ஸ் இருக்கும், ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அரிக்கும். பொய் இமையே வேண்டாம் என்று விட்டுவிட்டோம். முகூர்த்தத்தன்று காலையில் கண் வீங்கியிருந்தால் என்ன செய்திருப்போம் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

திரெடிங்கை மூன்று நாளுக்கு முன்பே முடிக்கச் சொன்னேன். முந்தின நாள் செய்தால் வேர்வை பட்டு எரியும், சின்னச் சின்னதாகப் பொரியும். புதிதாக எந்த ஃபேஷியலும் கடைசி வாரத்தில் வேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன்.

நான் யோசிக்காமல் விட்டது நலங்கு. முந்தின நாள் சாயங்காலம் அத்தைமார் போட்டி போட்டுக்கொண்டு மஞ்சளை அப்பிவிட்டார்கள். ராத்திரி பார்த்தால் முகம் எலுமிச்சம்பழம். மஞ்சள் ஏறின தோலில் ஃபவுண்டேஷன் ஆரஞ்சாகத்தான் தெரியும். கடலை மாவும் பாலும் குழைத்து இரண்டு தடவை மெதுவாகக் கழுவினோம்; முக்கால்வாசி போனது. மிச்சம் இருந்தது முடியோரத்திலும் காதுக்கு முன்னாலும். காலையில் ஃபவுண்டேஷனைக் கொஞ்சம் அடர்த்தியான ஷேடோடு கலந்து அந்த இடத்தைச் சமாளித்தேன். அடுத்தமுறை நலங்குக்கு முன்னால் முகத்தில் மெலிதாக எண்ணெய் தடவிவிடுவேன், அவ்வளவாக ஏறாது.

முகூர்த்தம் 6 மணிக்கு மேல். பெண்ணை 2 மணிக்கு எழுப்பினேன். ரவிக்கையைப் போட்டுக்கொண்டு உட்காரச் சொன்னேன், அப்புறம் தலைவழியாக எதையும் மாட்ட முடியாது. குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவி, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒரு நிமிஷம் ஒற்றி, மாய்ஸ்சரைசர். பிறகு ஃபேனுக்குக் கீழே கால் மணி நேரம் சும்மா. அந்த நேரத்தில் தலை பின்ன விட்டேன். கொண்டையைக் கட்டி முடிப்பதற்குள் எத்தனை முறை தலை ஆட்டம், எத்தனை ஹேர்பின், எத்தனை வேர்வை. முகத்தை முதலில் முடித்திருந்தால் அத்தனையும் அதன்மேல்தான்.

பிரைமரை முகம் முழுக்கப் போடவில்லை, மூக்கும் நெற்றி நடுவும் மட்டும். ஐந்து நிமிஷம். ஃபவுண்டேஷன் மெல்லிசாக ஒரே ஒரு பூச்சு, ஈர ஸ்பான்ஜால் குத்திக் குத்தி. இன்னும் மறைக்க வேண்டிய இடத்தில் மட்டும் இரண்டாவது பூச்சு, அதுவும் முதலாவது காய்ந்த பிறகு. கிரீம் பிளஷ்ஷை இந்தக் கட்டத்தில்தான் போட வேண்டும். பவுடருக்கு மேல் கிரீம் போட்டால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். பிறகு மெல்லிய மஞ்சள் சாயல் கொண்ட பவுடரை பஃப்பில் எடுத்து, புறங்கையில் தட்டிவிட்டு, நெற்றியிலும் மூக்கிலும் தாடையிலும் அழுத்தினேன். கன்னத்தில் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். முகத்தில் எங்காவது கொஞ்சம் மினுக்கம் இருந்தால்தான் உயிர் இருக்கும். கடைசியில் மேக்கப்பைக் கலையாமல் பிடித்துவைக்கிற செட்டிங் ஸ்பிரே. அது காய்கிற வரை அவளைப் பேசக்கூடாது என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் மூன்று நிமிஷம் பேசாமல் இருந்ததைச் சித்தி வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

நெற்றிப் பொட்டு ஒட்டவே இல்லை. ஃபவுண்டேஷன் மேல் ஸ்டிக்கர் பொட்டு எப்படி ஒட்டும்? பஞ்சுக் குச்சியால் அந்த இடத்தை மட்டும் வட்டமாகத் துடைத்து, உலர்ந்ததும் வைத்தேன், பிடித்துக்கொண்டது. நெத்திச்சுட்டி உட்கார்கிற இடத்திலும் ஃபவுண்டேஷனை மெலித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நகர நகரக் கோடு விழும். மல்லிகைப்பூ இன்னொரு வம்பு. வாடாமல் இருக்கப் பூக்காரர்கள் தண்ணீர் தெளித்துத்தான் தருவார்கள். கொண்டையில் வைத்த கொஞ்ச நேரத்தில் பிடரி வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கி, கழுத்தில் போட்டதையெல்லாம் கோடு கிழித்துவிடும். சரத்தை நன்றாக உதறி, துண்டில் சுற்றிக் கால் மணி நேரம் வைத்துவிட்டுத் தலையில் வைத்தோம். கழுத்துக்குப் பேருக்குத்தான் பூசியிருந்தேன். மாலை மாற்றும்போது ரோஜா மாலை தாடையிலும் கழுத்திலும் உராய்ந்துகொண்டே இருக்கும். தடித்துப் பூசியிருந்தால் அவ்வளவும் மாலைக்குத்தான் போகும்.

மணவறையில் நான் அவளுக்குப் பின்னால் ஒரு கைப்பையோடு நின்றேன். ஓமப் புகை மூட்டமாக எழுந்து நேரே அவள் முகத்துக்கு வந்தது. வீடியோக்காரர் விளக்கு வேறு ஒரு பக்கம் சுடுகிறது. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. நல்லவேளை, மஸ்காரா வாட்டர்புரூஃப். டிஷ்யூவை முக்கோணமாக மடித்து, மேலே பார்க்கச் சொல்லி, கீழ் இமை ஓரத்தில் நுனியை வைத்தால் தண்ணீரை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். கர்ச்சீப்பால் துடைத்தால் தீர்ந்தது கதை. கன்னிகாதானத்தில் சித்தப்பா உடைந்து அழுதார், அவளும் அழுதாள். நான் அழுதுகொண்டே டிஷ்யூ மடித்தேன்.

தாலி ஏறியதும் மாப்பிள்ளை வகிட்டில் குங்குமம் வைத்தார். நெற்றி, மூக்கு, ஒரு கன்னம் எல்லாம் குங்குமத் தூள். சுற்றி நின்ற நாலு கை துடைக்க நீண்டன. "தொடாதீங்க" என்று நான் போட்ட சத்தம் வீடியோவில் இருக்கிறது. விரல் பட்டால் தூள் ஃபவுண்டேஷனில் ஒட்டிச் சிவப்புக் கோடாகிவிடும். காய்ந்த, பெரிய, பஞ்சு மாதிரியான பிரஷ்ஷால் மேலிருந்து கீழே தூசி தட்டுகிற மாதிரித் தட்டினால் சுத்தமாகப் போய்விடும். பெரியவர்கள் பூசுகிற திருநீறுக்கும் அதுதான். அந்தப் பிரஷ் மட்டும் பையில் இல்லாமல் எந்தக் கல்யாணத்துக்கும் போகாதீர்கள்.

லிப்ஸ்டிக்குக்குப் பெரிய வித்தை எதுவும் இல்லை. முதலில் உதட்டுப் பென்சிலால் முழுக்க நிரப்பி, லிப்ஸ்டிக் ஒரு பூச்சு, டிஷ்யூவில் கவ்வ வைத்து, இரண்டாவது பூச்சு. பாலும் பழமும் கொடுத்தபோது நின்றது. சாப்பாட்டுப் பந்தியில் ரசத்தோடு போயிற்று. யாருக்குத்தான் நிற்கும்.

பந்தி முடிந்து ஆச்சி அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "பவுடர் கூடப் போடலயாட்டி புள்ளைக்கு?" சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் ஆச்சியிடம் ஒன்றும் விளக்கப் போகவில்லை. எனக்கு நான் எதுவுமே போட்டுக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. 2 மணியிலிருந்து நின்ற நின்றபடி, எண்ணெய் வழிகிற முகத்தோடுதான் எல்லாப் போட்டோவிலும் இருக்கிறேன்.

ஒரு விஷயம் விட்டுப்போனது. மேக்கப் பையை அன்றைக்கு மண்டபத்தில் ஃபேனுக்கு அடியில் வைத்திருந்தேன். அதற்கு முந்தின கோடையில் ஸ்கூட்டர் டிக்கியில் வைத்து இரண்டு லிப்ஸ்டிக் குழம்பாகிப்போனது. சன்ஸ்கிரீனும் வெயிலில் கொதித்தால் வேலை செய்கிற சக்தியை இழந்துவிடும். டப்பாவின் பின்னால் திறந்த மூடி மாதிரி ஒரு படமும் 6, 12 என்று ஓர் எண்ணும் இருக்கும். திறந்ததிலிருந்து அத்தனை மாதம்தான் ஆயுள். மஸ்காராவை மூன்று மாதத்துக்கு மேல் நான் வைத்துக்கொள்வதில்லை, கண்ணில் கட்டி வந்து பட்டிருக்கிறேன்.

மாப்பிள்ளை வீட்டுக்கு 4 மணிக்குக் கிளம்ப வேண்டும். 2 மணிக்கு மணமகள் அறையில் நகைகளைக் கழற்றிவிட்டு அவளைப் பாயில் படுக்க வைத்தேன். முன்பெல்லாம் மேக்கப்பைத் தேங்காய் எண்ணெயால்தான் எடுப்பேன். சுலபமாக வந்துவிடும், ஆனால் பரு வருகிற முகத்தில் துவாரங்களை அடைத்து, நாலாவது நாள் கன்னத்தில் முத்து முத்தாகக் கிளம்பும். அவளுக்கும் பரு முகம். மேக்கப்பைத் துடைத்தெடுக்கிற மைசெல்லர் வாட்டரைப் பஞ்சில் நனைத்து, மூடின கண்மேல் அரை நிமிஷம் வைத்துவிட்டு, ஒரே திசையில் மெல்ல இழுத்தேன். பிறகு நெற்றி, கன்னம், மூக்கு மடிப்பு, காதுக்கு முன்னால். முதல் பஞ்சு கறுப்பு, இரண்டாவது பழுப்பு, மூன்றாவதில் மஞ்சள்கூட வந்தது. ஏழாவது பஞ்சு வெள்ளையாக வந்தபோது அவள் தூங்கிவிட்டிருந்தாள். ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவ எழுப்ப வேண்டும், அரை மணி நேரம் போகட்டும் என்று ஃபேனை அவள் பக்கம் திருப்பிவைத்தேன். வகிட்டுக் குங்குமத்தை மட்டும் தொடவில்லை.